உள்ளே போகிற வண்டிக்கு

எலுமிச்சம்பழம் கையிலேயே சூடாகிவிட்டது. காலையில் பெரம்பூர் மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்தபோது ஜில்லென்று இருந்தது, கறுப்புப் புள்ளி இல்லாமல், காம்பு உதிராமல். கடைக்காரர்கூட ஊறுகாய்க்கா ரசத்துக்கா என்று கேட்டார், ஃபுட்பாலுக்கு என்றேன், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார். இவ்வளவு அழுத்திப் பிடிக்காதே அமலி, சக்கரம் நசுக்க வேண்டியதை நீயே நசுக்கிவிடப் போகிறாய். ஸ்டேடியம் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாட்பாரத்தில் நிற்கிறேன், வெயில் இறங்கிவிட்டது, சென்ட்ரல் பக்கமிருந்து வரும் காற்றில் டீசல் வாசனையும் யாரோ வறுக்கிற கடலை வாசனையும் கலந்து வருகிறது, டீம் பஸ் இன்னும் வரவில்லை. வரும். நம் கிளப் ஹார்பர் சிட்டி இந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பஸ் இந்தக் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும், டிரைவர் ஜெயவேலு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், நான் குனிந்து முன்சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு ஒதுங்குவேன், பஸ் அதை நசுக்கிக்கொண்டு உள்ளே போகும், நாங்கள் உட்காருகிற டி ஸ்டாண்ட் ஆட்கள் கத்துவார்கள், வேதகிரி டிரம்மை அடிப்பான். ஏழு வருஷமாக இதுதான் வழக்கம். ஆரம்பித்தது ஒரு கோபத்தில். அந்த சீசனில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள், கைப்பையில் வீட்டுக்கு வாங்கிய பழம் இருந்தது, இந்தக் கழிசடைகளுக்குத் திருஷ்டிதான் பட்டிருக்கிறது என்று திட்டிக்கொண்டே வைத்தேன், அன்றைக்கு மூன்று கோல் போட்டார்கள். அதோடு மாட்டிக்கொண்டேன். கோயிலில் ஃபாதர் ஒருநாள் கூப்பிட்டு, ஏம்மா அமலோற்பவம், ரத்தப் பரிசோதனை லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கிற பெண் நீ, இதெல்லாம் என்ன என்றார். சும்மா வைட்டமின் சி, ஃபாதர் என்றேன். அவரும் நம் கிளப் ஆள்தான், மேட்ச் இருக்கிற வாரம் பழம் வாங்கியாச்சா என்று அவரே கேட்பார். என் வீட்டுக்காரர் கிளமென்ட்தான் இன்னும் விடாமல் கிண்டல் செய்கிறார். ஸ்கூட்டர் வாங்கினபோது ஷோரூமில் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார்களே, ஏன், வண்டி வெளியே புறப்படுகிறது, அதனால், நீ என்னடாவென்றால் வந்து சேருகிற பஸ்ஸுக்கு வைக்கிறாய், புத்தி இருக்கிறதா என்பார். பஸ்ஸின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புறப்பாடு, அது மைதானத்தைப் பார்த்து நிற்கிறது, மைதானத்துக்குப் புறப்படுகிறது என்று அவர் வாயை அடைத்தேன்.

இன்றைக்கு வைக்கலாமா வேண்டாமா என்பதுதான் காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது. வைத்தால் அந்த அம்மாவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நளினா ரங்கதுரை, புது சி.இ.ஓ., வந்து மூன்று வாரம் ஆகிறது. பழைய சி.இ.ஓ. குரியகோஸ் சாரை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள், நன்றி என்று ஒரு படம் போட்டார்கள், அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கண் திறந்த படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை. மனுஷன் மலையாளி, தமிழைக் கொன்று கொன்று பேசுவார், ஆனால் தோற்ற அன்றைக்கு டி ஸ்டாண்டுக்கு ஏறி வந்து நம்மோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்பார், திட்டு வாங்குவார். இந்த அம்மாவுக்கு நல்ல தமிழ் வருகிறது. முதல் வீடியோவிலேயே சிரித்த முகத்தோடு சொன்னாள், ‘ஒரே ஊருக்குள்ள அடங்கிப் போற கிளப் இல்ல இது’ என்று. அதைக் கேட்டதும் ஸ்டாண்ட் வாட்ஸப் குழுவில் எல்லாரும் தீ பொம்மையாகப் போட்டார்கள், பெருமையாகத்தானே சொல்கிறாள் என்று. நான் மட்டும் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். ஊருக்குள் அடங்காத கிளப் என்றால் என்ன அர்த்தம், ஊரை விட்டுப் போகிற கிளப் என்றுதானே. இதற்கு முன்னால் அவள் இருந்தது ஒரு மெத்தை கம்பெனியில், ஓசூரில் இருந்த அதன் ஃபேக்டரி இப்போது குஜராத்தில் இருக்கிறது, இதை நான் கற்பனை செய்யவில்லை, அவளே ஒரு பேட்டியில் சாதனையாகச் சொல்லியிருக்கிறாள். எப்போதும் முழு சீசனுக்கும் சேர்த்து டிக்கெட் விற்பார்கள், இந்தத் தடவை ஜனவரி வரைக்கும்தான், மீதி பிறகு அறிவிக்கப்படுமாம். புது ஜெர்சியில் நெஞ்சில் இருந்த ஊர்ப்பெயர் சின்னதாகிக் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. கூடவே எல்லாருக்கும் இலவசமாக ஒரு மஃப்ளர். சென்னையில், இந்தப் புழுக்கத்தில், கம்பளி மஃப்ளர். குளிர் அடிக்கிற ஊர் ஏதோ மனதில் இருக்கிறது போல என்று குழுவில் போட்டேன், சிரிக்கிற பொம்மையாக வந்து விழுந்தது, நான் சிரிப்பதற்காகப் போடவில்லை. இலவசமாக ஒன்று கையில் வந்தாலே எனக்குப் பயம். அப்பா வேலை பார்த்த மில்லில், கடைசி தீபாவளிக்குத்தான் முதல் தடவையாகப் பெரிய ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள், மில் ஃபுட்பால் டீமுக்குப் புது பூட்ஸ் கொடுத்தார்கள், அப்பா லெஃப்ட் பேக், அந்த பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். பொங்கலுக்குள் கேட்டில் பூட்டு. அந்த பூட்ஸ் கடைசி வரைக்கும் மண் படாமலே இருந்தது. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்கிறார் கிளமென்ட், பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் காய்ச்சுகிறாய் என்கிறார். ஆமாம், முகர்கிறேன், ஒருநாளாவது கெட்டுப்போன பாலை அவர் குடித்திருக்கிறாரா. லேபில் என் வேலையே அதுதான், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் ரத்தத்தை எடுத்து நன்றாக இருக்கிறாரா என்று பார்ப்பது.

அந்த அம்மாவாவது வெளியாள். வேதாவை நினைத்தால்தான் தாங்கவில்லை. வேதகிரி, டி ஸ்டாண்டின் டிரம், கூரியர் ஆபீசில் வேலை, எனக்கு இந்த ஏழு வருஷமும் பக்கத்து சீட்டு. தோற்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிப்போம், ஜெயித்தால் அவன் பைக்கிலேயே வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவான், கிளமென்ட் அவனுக்கும் சேர்த்து முட்டை ஊற்றுவார். புதன்கிழமை ஒரு வீட்டில் ரத்தம் எடுக்கக் கீழ்ப்பாக்கம் போயிருந்தேன், கிளப் ஆபீஸ் வாசலில் அவன் பைக். அவன் பைக்தானா என்று கேட்காதே, இடது பக்கக் கண்ணாடி உடைந்து பச்சை டேப் சுற்றிய பைக் இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது. அங்கேயே நின்று போன் செய்தேன். எங்கேடா இருக்கிறாய் என்றேன், தாம்பரத்தில் தங்கச்சி வீட்டில் என்றான். பின்னால் ஏ.சி. சத்தம் கேட்டது, அவன் தங்கச்சி வீட்டில் ஃபேனே ஒழுங்காகச் சுற்றாது. சரி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏன் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும், ஒரு பொய்யையே தாங்க முடியவில்லை, இரண்டு பொய்க்கு என்னிடம் இடம் இல்லை. அதற்குப் பிறகு அவன் குழுவில் எதுவுமே எழுதவில்லை. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று பேனர் பிடிக்கலாமா என்று நான் கேட்டதற்கு எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள், அவன் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். அந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன பேசியிருப்பான். அமலி ஒரு லூசு மேடம், எல்லாத்தையும் சந்தேகப்படுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருப்பானா. காபி கொடுத்திருப்பார்கள், பிஸ்கட் கொடுத்திருப்பார்கள், ஸ்டாண்டை அடக்கி வைக்க ஒரு வேலையும் கொடுத்திருப்பார்கள். சீ, வேதாவா, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அப்படியென்றால் தாம்பரம் எதற்கு. சுற்றிச் சுற்றித் தாம்பரத்திலேயே வந்து நிற்கிறது புத்தி.

கேட் பக்கம் ஏதோ நடக்கிறது. கழுத்தில் கிளப் அட்டை தொங்கும் பையன்கள் இரும்புத் தடுப்புகளை இழுத்து வைக்கிறார்கள், டி ஸ்டாண்ட் ஆட்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள், தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டாயிற்று, கேட் மதிலில் குளிர்பானக் கம்பெனியின் பெரிய போர்டு, அதற்கு நேராக இரண்டு கேமரா. ஒருத்தன் வெள்ளித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறான், தட்டில் எலுமிச்சம்பழம், அத்தனையும் ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் ரிப்பன். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இது என்னுடையது. ஏழு வருஷமாக நான் குனிந்து வைத்தது, இப்போது தட்டும் ரிப்பனுமாக. கடையில் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி என் கை தானாகப் பழத்தைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டது. வெள்ளைச் சட்டையும் கிளப் மஃப்ளருமாக அந்த அம்மா நேரே என்னை நோக்கி வருகிறாள், வேர்த்துக் கொட்டுகிறது, ஆனாலும் மஃப்ளரைக் கழற்றவில்லை. அமலி அக்கா என்கிறாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், அக்காவாம். என் பெயரை யார் சொன்னது. உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன், இது எவ்வளவு அழகான வழக்கம், இதை நாடு முழுக்கப் பார்க்க வேண்டும், இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படித்தான் என்று பேசிக்கொண்டே போகிறாள். கையைப் பிடித்துக்கொண்டாள், கை மிருதுவாகத்தான் இருக்கிறது, சிரிப்பும் பொய்ச் சிரிப்பு மாதிரி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த மேனேஜரும் அப்பாவின் தோளில் கை போட்டுத்தான் கொடுத்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“அடுத்த சீசனும் இங்கதானே மேடம் ஆடுவாங்க?”

“உங்கள மாதிரி ஃபேன்ஸ் இருக்கிறப்போ நாங்க எங்க போனாலும் ஜெயிப்போம்க்கா.”

எங்கே போனாலும். ஆமாம் என்று ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரு வார்த்தை, இரண்டும் வரவில்லை, நடுவில் எங்கே போனாலும் என்று வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அவளை யாரோ போனில் கூப்பிட்டுவிட்டார்கள், போய்விட்டாள். திரும்பினால் வேதா நிற்கிறான். தோளில் டிரம் இருக்கிறது, குச்சிகள் பின்பாக்கெட்டில், கழுத்தில் அட்டை. அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு அவன் முகம் தெரியவில்லை, அட்டைதான் தெரிந்தது. தங்கச்சி வீட்டில் கொடுத்தார்களா இதை என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான், பஸ் பக்கம் யாரும் வரக் கூடாது என்று புது உத்தரவு போடப் போனார்களாம், பழம் கிழம் எல்லாம் வேண்டாம், ரோட்டில் ஆள் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்றார்களாம், கேள்விப்பட்டு இவன்தான் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறான், அவர்கள் கேட்டதெல்லாம் கேமரா ஒன்றுதான், படம் எடுத்து முடிக்கும் வரைக்கும் டிரம் அடிக்கக் கூடாது, அதுவும் ஒன்று.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“இன்னா அமலு, சொன்னா நீ சந்தேகப்படுவேன்னுதான் சொல்லல.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அழுகையும் கூடவே வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டேன். நம்பலாமா. நம்பத்தான் ஆசை. ஆனால் ஊர் பேனருக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அதற்குள் இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது, கேட்பதற்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சத்தம், பஸ் வந்துவிட்டது. நீலப் பஸ், முன்கண்ணாடிக்குப் பின்னால் ஜெயவேலு. வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. அட்டைப் பையன் கையைக் காட்டிக் காட்டி உள்ளே விட்டான், முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, கேட்டில் வந்து நிற்கிறது பஸ், மூக்கு ரோட்டைப் பார்த்து, முதுகு மைதானத்தைப் பார்த்து. எதற்கு இப்படி என்று அந்த அட்டைப் பையனைக் கேட்டேன். முன்னால் இருக்கிற சின்னமும் பின்னால் இருக்கிற போர்டும் ஒரே படத்தில் வர வேண்டுமாம் ஆன்ட்டி, நீங்கள் வட்டத்தில் பழத்தை வைத்ததும் பஸ் அதன்மேல் ஏறி வெளியே போகும், அப்படியே சுற்றிக்கொண்டு பின் கேட் வழியாக உள்ளே வந்துவிடும், ரெண்டு நிமிஷ வேலை என்றான். தட்டை நீட்டினான். தட்டை வாங்கவில்லை, என் பழத்தை எடுத்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. பஸ் ஜன்னல்களில் பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் ஆடிவிட்டுப் போவார்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டேன். குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தால் சக்கரத்துக்கு முன்னால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் சென்ட்ரல், எல்லா ஊருக்கும் ரயில் போகிற சென்ட்ரல். ஷோரூமும் ஸ்கூட்டரும் நினைவுக்கு வந்தன, புறப்படுகிற வண்டிக்கு வைப்பது, மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் புறப்பாடு, என் வாயால் நானே சொன்னது. ஊரை விட்டுப் போகிற வண்டிக்கு என் கையாலேயே பழம் வைத்து, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று நான் வழியனுப்பி, அதை நாடு முழுக்கப் பார்க்கப் போகிறதா. நான் அதிகமாக யோசிக்கிறேன் என்றே வைத்துக்கொள், வெறும் படத்துக்காகத்தான் திருப்பியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள், அப்போதும் என் கை வைக்க மாட்டேன் என்கிறது. வைக்காமல் போனால் இன்றைக்குத் தோற்றுவிடுவார்கள், தோற்றால் என்னால்தான் என்று செத்தாலும் மனது ஆறாது. வைக்கவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது, முழங்கால் வேறு வலிக்கிறது.

எழுந்துவிட்டேன். பழத்தோடு நடக்கிறேன், பஸ் ஓரமாகவே, ஜன்னல் ஜன்னலாகக் கடந்து, ஆன்ட்டி அங்கே இல்லை இங்கே என்று அட்டைப் பையன் பின்னால் கத்துகிறான், கேமராக்காரன் வயரை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறான், அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். பின்சக்கரம் வரைக்கும் போனேன். அதற்குப் பின்னால், மைதானத்துப் பக்கமாக, டயரை ஒட்டிப் பழத்தை வைத்தேன், வைத்துவிட்டு நன்றாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டு, பக்கக் கண்ணாடியில் ஜெயவேலுவின் முகத்தைத் தேடினேன். பின்னால் வாருங்கள் என்று கையைக் காட்டினேன். கண்ணாடிக்குள் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், எதற்குப் பழம் வைப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் கொடுக்கிறவள் எதிரே நிற்கிறாள், அவரைப் போய் மாட்டிவிடுகிறேனே என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது, கையை இறக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அந்த அம்மா என் பக்கத்தில் வந்துவிட்டாள். இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் மஃப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

“என்னக்கா, ஏன் பின்னாடி வெச்சீங்க?”

“உள்ள போற வண்டிக்குத்தான் மேடம் பழம் வெப்போம். வெளிய போற வண்டிக்கு எங்ககிட்ட பழம் இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லாமல் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை என்றால் ஏனக்கா அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள். கேட்கவில்லை. லேபில் ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னாலேயே தெரியும், அந்த முகம் எனக்குப் பழக்கம். அப்பா, மில்லில் யாராவது ஒருத்தர் இப்படி நேராகக் கேட்டிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கும். பஸ் அசையவில்லை, ஜெயவேலுவின் கை கியரில் இருக்கிறதா ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை, படம் இன்னும் எடுத்து முடிக்கவில்லை. அப்போதுதான் டிரம் கேட்டது. ஒரே ஒரு அடி. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, இன்னொரு அடி விழுந்த பிறகுதான் பார்த்தேன். வேதா கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு அடிக்கிறான், கழுத்தில் அட்டை இல்லை, அட்டைப் பையன் உதட்டில் விரல் வைத்து வேண்டாம் வேண்டாம் என்கிறான், இவன் அவனைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறான். டி ஸ்டாண்ட் முழுக்கக் கத்த ஆரம்பித்தது. பஸ் ஒரு குலுங்கு குலுங்கி, ரிவர்ஸ் சத்தம் கீங் கீங் என்று கேட்க, கண்ணாடிக்குள் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்க, முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக உள்ளே போகிறது. பழம் நசுங்கிற்று. வாசனை நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. பக்கத்தில் அந்த அம்மா போனில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள், யாருக்கு என்று எட்டிப் பார்த்தேன், திருப்பிக்கொண்டாள். சரி, தட்டட்டும். அடுத்த ஆட்டம் பதினெட்டாம் தேதி, நம் ஊரில்தான், நாளைக்கே போய்ப் பழம் வாங்கி வைத்துவிட வேண்டும்.